இருபது சிவப்பு வட்டங்கள்

மார்ச் 4

சின்னவளுக்கு,

அன்பு, நலம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் கூப்பிட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் என் கோபம் பாதியாகிவிடும். பாதியாகக் கூடாது என்பதால்தான் இந்தக் காகிதம். நீயும் எழுதியே பதில் சொல். எழுத்தென்றால் நான் இரண்டு தடவை படித்துப் பார்க்கலாம்.

நேற்று எங்கள் கட்டடத்து வாசலில் இருக்கும் உங்கள் விற்பனை அலுவலகத்தைக் காலி செய்தார்கள். தலைமை அலுவலகத்துக்குப் போகும்வரை நீ உட்கார்ந்திருந்த அதே கண்ணாடி அறை. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். சோபா, பிளாஸ்டிக் செடி, ஏசி எல்லாம் வேனில் ஏறியாகிவிட்டது. சுவரில் சாய்த்த அந்தப் பலகை மட்டும் மிச்சம். எட்டு மாடி, மாடிக்கு நான்கு கட்டம். விற்ற வீட்டுக்குச் சிவப்பு வட்டம், விற்காததற்குப் பச்சை. போன வருஷம் நானும் உன் மாமாவும் வீடு வாங்க வந்து நின்று பார்த்த பலகை.

கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம், "இது குப்பைக்கா போகுது?" என்று கேட்டேன்.

"நீங்க வேணா எடுத்துக்கோங்க. உங்க தங்கச்சி கைவேலைதானே. இந்தச் சிவப்புப் பொட்டு ஒன்னு விடாம அதுதான் உக்காந்து ஒட்டுச்சு. நீங்க வீடு பாக்க வந்தீங்களே, அதுக்கு மொத நாள் சாயங்காலம்."

"எல்லாத்தையுமா?"

"மொத மாடிலேர்ந்து அஞ்சாவது மாடி வரைக்கும் மொத்தமா. ஒட்டி முடிச்சுட்டு எந்திரிக்கிறப்ப முகமே செத்துப் போயிருந்துச்சு."

எண்ணிப் பார்த்தேன். இருபது வட்டம். அந்த இருபது வீட்டில் ஒன்றில்கூட இன்றுவரை ஆள் இல்லை.

அன்றைக்கு நான் உன்னிடம் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். "ரெண்டாவது மாடியில ஏதாவது இருக்காடி?" நீ தலையைக் குனிந்துகொண்டு "எல்லாம் போயிடுச்சுக்கா" என்றாய். உடன்படிக்கையில் ஒரு வரி இருந்தது: முப்பத்திரண்டு வீடுகளில் பாதி விற்ற பிறகு லிஃப்ட் வைக்கப்படும். பலகையில் இருபது சிவப்பு இருந்ததால் அந்த வரியை நாங்கள் வரியாகவே மதிக்கவில்லை. பாதியைத் தாண்டியாகிவிட்டதே என்று ஆறாவது மாடியில் கையெழுத்துப் போட்டோம். இப்போது மொத்தம் பதினோரு குடும்பம். எல்லோரும் ஆறு, ஏழு, எட்டில். கீழே ஐந்து மாடியும் பூட்டிக் கிடக்கிறது. உச்சந்தலையில் மட்டும் ஆளை வைத்துக்கொண்டு நிற்கும் கட்டடத்தை நீ வேறு எங்காவது பார்த்திருக்கிறாயா?

லிஃப்ட் குழியில் தண்ணீர் நிற்கிறது. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் கைப்பிடி வைக்காமலே வேலையை நிறுத்திவிட்டார்கள். ஜனவரியில் மாமா விழுந்தது அங்கேதான். தொடையில் தகடு வைத்து, ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டுப் போனார்கள். அதோடு சரி. நாள் முழுக்க பஸ் ஓட்டிய மனுஷன் பால்கனியில் உட்கார்ந்து, தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்து "ஏழு நிமிஷம் லேட்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பதினோரு குடும்பமும் சேர்ந்து வீட்டுவசதித் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறோம். முதல் பெயர் என்னுடையது. ஏப்ரல் பத்தொன்பது விசாரணை. கம்பெனி என்ன பதில் கொடுத்திருக்கிறது தெரியுமா? அந்தப் பலகை "வரவேற்பறை அலங்காரப் பொருள்" என்று. சிவப்பு என்றால் விற்றது என்று எங்குமே எழுதவில்லையாம்.

சிவப்புக்கு என்ன அர்த்தம், யார் சொல்லி ஒட்டினாய் என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் வேண்டும். ஊரில் இத்தனை பேர் இருக்க, உன் கூடப் பிறந்தவளையா உனக்கு ஏமாற்றத் தோன்றியது?

அக்கா

*

மார்ச் 11

அக்கா,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். இதுவும் சரியாக வரும் என்று தோன்றவில்லை. ஆனால் இன்னும் தள்ளிப் போட்டால் நீ அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வாய்.

மாமாவுக்கு வலி குறைந்திருக்கிறதா? அவருக்கு என் மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்கத் தைரியம் இல்லை.

வட்டங்கள் விஷயம். இது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. காலியாக இருக்கும் கடைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள் என்பார் எங்கள் மேலாளர். அதனால் புதுக் கட்டடம் விற்பனைக்கு வந்த வாரமே ஏழெட்டுக் கட்டத்தில் சிவப்பு ஒட்டிவிடுவார்கள். சனிக்கிழமைகளில் ஊழியர்கள் தங்கள் சொந்தக்காரர்களை வரவழைத்து சோபாவில் உட்கார வைக்க வேண்டும். வருகிறவர்களுக்குக் கூட்டம் இருப்பதாகத் தெரிய வேண்டும். என் அறைத்தோழிகூட ஒரு தடவை வந்தாள். "வெளிச்சம் நல்லா வருமா சார்?" என்று ஆரம்பித்தவள், நடிப்பு முற்றிப் போய், மாதிரி வீட்டின் சமையலறை அலமாரிக்கு அளவெடுத்துவிட்டாள். இதையெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. உனக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வருகிறேன்.

வீட்டு விற்பனை இந்த அளவுக்கு விழும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நம் ஊரில் மட்டும் இல்லை, இங்கேயும் மூன்று கட்டடங்களில் வேலை நின்றிருக்கிறது. நிலைமை சீரானதும் நிறுவனம் பணிகளைத் தொடரும் என்றுதான் எங்களுக்கும் சொல்லப்பட்டிருக்கிறது.

நீ கேட்கும் அறிக்கையை என்னால் எழுத முடியாது அக்கா. வேலையில் சேரும்போது, அலுவலக விஷயம் எதையும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுதினால் வேலை போகும். அது மட்டுமென்றால்கூட யோசிக்கலாம். பத்துப் பேர் முன்னால் என் பெயர் வாசிக்கப்படுவதை நினைத்தாலே எனக்குக் கை குளிர்ந்துவிடுகிறது. நீ சிரிப்பாய், ஆனால் உண்மை அதுதான்.

பள்ளி விடுமுறை விட்டதும் உன் வாண்டை இரண்டு வாரம் இங்கே அனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

தங்கை

*

மார்ச் 16

சின்னவளுக்கு,

நீ அனுப்பியது கடிதமா, துண்டுப் பிரசுரமா? "நிலைமை சீரானதும் நிறுவனம் பணிகளைத் தொடரும்." இந்த வரியை எனக்கு எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? உன் பிரசுரத்தில் "அமைதியான சூழல்" என்று போட்டிருந்தாயே, அது மட்டும் இங்கே தாராளமாக இருக்கிறது. ஒரு சுத்தியல் சத்தம்கூடக் கேட்பதில்லை.

யாரும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நம்பிக்கொண்டே கதவுத் தாழ்ப்பாள் வாங்கப் போனேன். நம் வீட்டுத் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது, அது தனிக் கதை. மூலைக்கடை இரும்புச் சாமான்காரர் உள்ளே போய்த் தேடி, தூசி தட்டி எடுத்து வந்தார்.

"ஏங்க, இதையெல்லாம் உள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றேன்.

"ஒளிக்கலம்மா. யாரு வாங்குறா? புது வீடு கட்டினாத்தானே பூட்டு, கீல், தாழ்ப்பாள். இப்ப பக்கெட்டும் கயிறும்தான் ஓடுது. இதை மொதல்ல கண்டுபிடிச்சது உங்க தங்கச்சிதான். ஏண்ணே, பூட்டெல்லாம் பின்னாடி போயிருச்சு, பக்கெட்டு முன்னாடி வந்துருச்சுன்னு வந்து கேட்டுச்சு. நான் சொன்னேன், உங்க ஆபீசுக்குத்தாம்மா அது மொதல்ல தெரியணும்னு. சிரிக்காமப் போயிருச்சு."

எப்போது என்று கேட்டேன். கடைக்கு வெள்ளையடித்த மாசம் என்றார். அது நாங்கள் வீடு பார்க்க வருவதற்கு மூன்று மாதம் முன்னால்.

ஆக உனக்குத் தெரியும். யாருக்கும் தெரியாதபோதே தெரியும். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் சண்டை வரப் போகிறது என்பதைக்கூட அவர்கள் செருப்பு விட்டிருக்கும் விதத்தைப் பார்த்தே சொன்னவள் நீ. தெரிந்துகொண்டே, முதல் நாள் சாயங்காலம் உட்கார்ந்து, இருபது பொட்டு வைத்துவிட்டு, மறுநாள் என்னைப் பார்த்து "எல்லாம் போயிடுச்சுக்கா" என்றாய்.

வாண்டை அனுப்பச் சொல்கிறாய். அவள் ஒரு நாளைக்கு நாலு தடவை இறங்கி ஏறுகிறாள். இந்த வீட்டிலிருந்து கீழே இறக்க வேண்டிய ஆள் அவள் இல்லை.

மாமா உன் கடிதத்தைப் படித்தார். மடித்துக் கொடுத்துவிட்டு, "சாப்பிடுறாளா ஒழுங்கா, கேட்டியா?" என்றார். அவர் அப்படித்தான். நான் அப்படி இல்லை.

அக்கா

*

மார்ச் 24

அக்கா,

சரி. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இதை எழுதிய பிறகு நீ என்னிடம் பேசாமல் போனாலும் எனக்குப் புரியும்.

எனக்குத் தெரிந்திருந்தது. முதலில் காதுக்குத் தெரிந்தது. என் மேசை ஜன்னலோரம். கான்கிரீட் லாரி போகும்போதெல்லாம் தேநீர்க் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடும். கால்மணிக்கு ஒரு தடவை. ஒரு நாள் மதியம், வெகுநேரமாகக் கோப்பை ஆடவே இல்லை என்று கவனித்தேன். அடுத்த வாரம் கட்டட வேலையாட்களின் தகரக் கொட்டகைக்கு வெளியே சைக்கிள்களை எண்ணினேன். நாற்பதுக்கு மேல் இருந்தவை பதினேழு. பிறகு ஒன்பது. சிமெண்ட் மூட்டைகள் பிரிக்காமலே இறுகி, மூட்டை வடிவத்திலேயே கல்லாகி நின்றன. வாடகைக்கு எடுத்த கிரேனைத் திருப்பி அனுப்பிய அன்று மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "ஜன்னல் பக்கம் இப்ப நல்லா வானம் தெரியுதுல்ல? 'தடையற்ற வானம்'னு பிரசுரத்துல சேத்துருங்க" என்றார். சேர்த்தேன். "அமைதியான சூழல்" எழுதியதும் அந்த வாரம்தான். ஒரு சொல்லும் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனையோ புத்தகம் படித்து நான் கற்றுக்கொண்டது, பொய் சொல்லாமல் பொய் சொல்வது.

அப்போதுதான் நீ வீடு பார்க்க வருவதாகச் சொன்னாய். உன்னிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை போன் எடுத்தேன். இரண்டு தடவையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். நீ எல்லோரிடமும் "என் தங்கச்சி கம்பெனி" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நீ வரும் அன்று மேலாளர் என் பக்கத்து நாற்காலியில் இருப்பார், அங்கே வைத்தும் சொல்ல முடியாது.

ஆனால் நீ ஒன்று சொல்லியிருந்தாய். மாமாவுக்கு முழங்கால் வலி ஆரம்பித்தபோது. "மூணாவதுக்கு மேலன்னா சும்மா குடுத்தாக்கூட வேண்டாம்டி." அதைப் பிடித்துக்கொண்டேன். நீ வருவதற்கு முதல் நாள் மேலாளர் ஏழெட்டு வட்டம் ஒட்டச் சொல்லியிருந்தார். நான் இருபது ஒட்டினேன். முதல் மாடியிலிருந்து ஐந்தாவது வரை, ஓர் இடம் விடாமல். கீழே ஒன்றுமே இல்லை என்று பார்த்தால் நீ திரும்பிப் போய்விடுவாய் என்று நம்பினேன்.

நீ திரும்பிப் போகவில்லை. பலகையைப் பார்த்தாய், ஆறாவது மாடியில் விரல் வைத்தாய். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர என் வாய் திறக்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ போனதும் மேலாளர் பலகையை எண்ணிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "நல்ல மூளை உங்களுக்கு. மேல் மாடிதான் எப்பவும் தேங்கும். கீழ எல்லாம் போச்சுன்னு காட்டினா ஜனங்க மேல போயிடுவாங்க. கீழ் வீடு எப்ப வேணா விக்கும். அப்படியே இருக்கட்டும்" என்றார். அந்த இருபதும் அப்படியே இருந்தன. உனக்குப் பின்னால் வந்த பத்துக் குடும்பமும் மேலே போனது அப்படித்தான். கீழ் வீடு மட்டும் விற்கவே இல்லை. எனக்குத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றலும் பதவி உயர்வும் கொடுத்தது அதற்காகத்தான்.

உன்னை ஏமாற்ற ஒட்டவில்லை. உன்னைத் திருப்பி அனுப்ப ஒட்டினேன். எழுதிப் பார்க்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை.

தங்கை

*

மார்ச் 31

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்று ஒருவரிடம் ரத்தம் எடுக்கும்போது நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்திவிட்டேன். பதினான்கு வருஷத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை.

"வேண்டாம்" என்பது நாலு எழுத்து. அதைச் சொல்லக் கூசி இருபது பொட்டு ஒட்டியிருக்கிறாய். ஒரு கண் ஜாடை போதாதா? கழிவறைக்குக் கூட்டிப் போய் காதில் சொல்லியிருக்க முடியாதா? நான் என்ன, வந்த விருந்தாளியா? உனக்குத் தலை பின்னிவிட்டவள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்குப் பலகை தேவைப்பட்டது.

இதற்கு மேல் எழுதப் போவதை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆனால் நீ எழுதிவிட்டாய், நான் மறைத்தால் அது நியாயமாகாது.

மூன்றாவதுக்கு மேல் வேண்டாம் என்று நான் சொன்னது நிஜம். நாங்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மா போன் பண்ணினாள். "இந்த மாசத்துக்குள்ள ஒரு வீடாவது விக்காட்டி அவளை அனுப்பிடுவாங்களாம்டி. உங்கிட்ட சொல்ல மாட்டா. நீதான் பாத்துக்கணும்" என்றாள். நான் வந்து பலகையைப் பார்த்தேன். உன் முகத்தையும் பார்த்தேன். அது செத்துத்தான் போயிருந்தது. வேலை போகப் போகிற பயம் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவைப் பார்த்தேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "லிஃப்ட் வந்துடும்ல, அப்புறம் ஆறு என்ன, அறுபது என்ன" என்றார். உனக்காகத்தான் ஆறாவது மாடியில் விரல் வைத்தேன்.

என்னைக் காப்பாற்ற நீ கீழ் வீட்டையெல்லாம் ஒளித்தாய். உன்னைக் காப்பாற்ற நான் மேலே ஏறினேன். இடையில் அந்த மனுஷன் கால் போனது. வாயைத் திறந்து பேசத் தெரியாத இரண்டு கூறுகெட்டவர்களைப் பெற்று வைத்திருக்கிறாள் அம்மா.

இது நம் இரண்டு பேருக்குள் என்றால் நான் உன்னை நன்றாகத் திட்டிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் மற்றப் பத்துக் குடும்பமும் உனக்கு அக்காவா? எட்டாவது மாடியில் ஒருத்திக்குப் பிரசவம் ஆகி நாற்பது நாள். தையல் பிரியும் என்று பயந்து, குழந்தையைத் தடுப்பூசிக்குக்கூட அவள் கொண்டு போகவில்லை. அவள் புருஷன்தான் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினான். ஏழாவது மாடி ஓய்வுபெற்ற வாத்தியார், ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் இறங்குவது என்று வைத்திருக்கிறார். பேப்பர் வாங்குவதா, நடை போவதா என்று காலையில் முடிவு செய்துகொள்வார். இவர்கள் யாரையும் நீ திருப்பி அனுப்ப நினைக்கவில்லை. உன் பொட்டைப் பார்த்துத்தான் மேலே ஏறினார்கள்.

விசாரணைக்கு இன்னும் பத்தொன்பது நாள். கம்பெனி வக்கீல் சிவப்பு வட்டத்தை அலங்காரம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்களிடம் அந்தப் பலகை இருக்கிறது, பேச ஆள் இல்லை. நீ எழுதினால் பழியை உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஏழெட்டு சொன்னது அவர்கள், இருபதாக்கியது நீ. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

எழுது. நான் மன்னிப்பேன் என்பதற்காக எழுதாதே. அதை நான் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 8

அக்கா,

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். பிறகு நீ என்ன வேண்டுமானாலும் சொல்.

திங்கட்கிழமை மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவரும் இப்போது இங்கேதான் இருக்கிறார். எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவர் யாருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"மனுவுல மொதப் பேரு உங்க அக்காவாமே. சொல்லவே இல்லையே."

நான் தண்ணீரைத் தொடவில்லை.

"பாவம், அவங்க வீட்டுக்காரருக்கு அடிபட்டுருச்சுன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கல. ரெண்டாவது மாடியில ஒரு வீடு, ஆறாவதுக்குப் பதிலா. ஒரு பைசா வேண்டாம். வெள்ளிக்கிழமையே மாறிக்கலாம். சாமானைக்கூட நம்ம ஆளுங்களே இறக்கிடுவாங்க." மேசை மேல் ஒரு உறையை வைத்தார். உள்ளே சாவி. தட்டிப் பார்த்தால் சத்தம் கேட்டது. "உங்க அக்கா மனுவுலேர்ந்து பேரை எடுத்துக்கணும். நீங்க ஒன்னுமே செய்ய வேண்டாம். ஒன்னுமே செய்யாம இருக்கிறது உங்களுக்கு நல்லா வருமே."

கடைசி வாக்கியத்தை அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

"மத்தவங்க?" என்று கேட்டேன்.

"மத்தவங்க உங்க அக்காவாம்மா?"

ஏறக்குறைய நீ எழுதிய அதே கேள்வி. அவர் வாயிலிருந்து அது வந்தபோது எனக்குக் காது சுட்டது.

உறையை எடுத்துக்கொண்டு நான் தங்கியிருக்கும் அறைக்கு வந்தேன். அன்று இரவு உனக்கு எழுத உட்கார்ந்தேன். இப்படி ஒரு வீடு தருகிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பதுதான் முறை. எழுதியும் விட்டேன். ஆனால் அஞ்சலில் போடவில்லை. நீ சரி என்றால் பத்து வீட்டுக்காரர்களையும் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் நீ தலையைக் குனிய வேண்டியிருக்கும். நீ முடியாது என்றால், மாமா பால்கனியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் உன் கணக்கில் சேரும். இரண்டில் எதையும் உன் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

அதனால் செவ்வாய்க்கிழமை என் அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நான்கு பக்கம். சிவப்பு என்றால் விற்றது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லச் சொன்னார்கள், நானே சொல்லியிருக்கிறேன். ஏழெட்டு ஒட்டச் சொன்னது மேலாளர். இருபது ஒட்டியது நான், ஏன் என்றும் எழுதியிருக்கிறேன். அதை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னது அவர். சோபாவில் உட்கார்ந்த சொந்தக்காரர்கள், திருப்பி அனுப்பிய கிரேன், சைக்கிள் எண்ணிக்கை, எல்லாவற்றையும் தேதியோடு எழுதினேன். என் நாட்குறிப்பில் எல்லாம் இருந்தது. எனக்காக மட்டும் எழுதி வைத்தவை அவை. இப்போது அவற்றின் நகலை முன்பின் தெரியாத யாரோ படித்துக்கொண்டிருப்பார்.

புதன்கிழமை சாவி உறையை மேலாளர் மேசையில் வைத்தேன். தபால் ரசீதைக் காட்டினேன். அவர் ரசீதை வெகுநேரம் பார்த்தார். "உங்க அக்கா கிட்ட கேட்டீங்களா?" என்றார். "இல்லை" என்றேன். "அவங்க வீட்டுக்காரர் மாடியிலயே கிடக்கட்டும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க" என்றார். அந்த ஆள் இதுவரை சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை. மதியத்துக்குள் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

உன்னைக் கேட்காமல் செய்தது இது இரண்டாவது தடவை. போன தடவை பயத்தில் செய்தேன். இந்தத் தடவை பயம் இருந்தது, ஆனால் அதற்காகச் செய்யவில்லை. மாமா இந்த வெள்ளிக்கிழமை தெருவில் நின்றிருக்கலாம். நிற்காததற்குக் காரணம் நான். அதை அவரிடம் நீ சொல்லிவிடு. சுற்றி வளைக்காமல் சொல்.

தங்கை

*

ஏப்ரல் 13

சின்னவளுக்கு,

சொன்னேன். சுற்றி வளைக்காமல்தான் சொன்னேன். அவர், "எந்த வீடாம்? ரோட்டுப் பக்கமா, பின்பக்கமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "பின்பக்கமாத்தான் இருக்கும். அங்க என்னத்தத் தெரியப்போகுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பிடும்போது, "நம்ம சின்னதா இதைச் செஞ்சுது?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர் கேட்டது பெருமையிலா வருத்தத்திலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

என் விஷயம் வேறு. நான் உனக்கு உண்மையைச் சொல்கிறேன். நீ கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். எட்டாவது மாடிக்காரியின் முகத்தைப் பார்க்காமல், வாத்தியாரின் முகத்தைப் பார்க்காமல், அன்று மாலையே சாமானைக் கட்டியிருப்பேன். காலையில் எழுந்து பல் தேய்க்கும்போது எனக்கு அந்த இரண்டாவது மாடி வீடுதான் ஞாபகம் வருகிறது. அதற்காக உன் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நான் கையெழுத்துப் போடுகிற ஆள் என்று எனக்கே தெரிய வைத்துவிட்டாய் பார், அந்த ஆத்திரம் தனி.

நேற்று தீர்ப்பாயத்துக் குமாஸ்தா உன் அறிக்கையின் நகலோடு வந்தார். உன் நான்கு பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. கம்பெனி வக்கீல் உடனே பதில் போட்டிருக்கிறார்: ஊழியர் ஒருவர் தன் குடும்பத்துக்காகத் தனிப்பட்ட முறையில் செய்த விஷமம், நிறுவனத்துக்குத் தொடர்பில்லை என்று. அலங்காரப் பொருள் இப்போது விஷமம் ஆகிவிட்டது. குமாஸ்தா என்னிடம், "எழுத்து போதாதும்மா. அவங்க நேர்ல வந்து நின்னு சொல்லணும். குறுக்கு விசாரணை இருக்கும். இல்லைன்னா இது வெறும் காகிதம்" என்றார். பத்தொன்பதாம் தேதி, காலை பத்து மணி. பத்துப் பேர் இல்லை, நாற்பது பேராவது இருப்பார்கள். உன் பெயரைச் சத்தமாகத்தான் வாசிப்பார்கள்.

மாமாவும் வந்தாக வேண்டும். அடிபட்டவரை நேரில் பார்க்க வேண்டுமாம். நேற்று படிக்கட்டில் எல்லோரும் கூடிப் பேசினோம். உன் அறிக்கையை வாத்தியார் உரக்கப் படித்தார். இருபது ஒட்டியது நீ என்கிற இடம் வந்ததும் ஏழாவது மாடிக்காரர் ஒருவர், "அப்ப உங்க தங்கச்சியாலதான் நாங்க மேல கிடக்கிறோமா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியார்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீதியையும் படித்து முடித்தார். அந்த ஏழாவது மாடிக்காரர் இன்னும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலி தூக்கும் பட்டியலில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார்.

கைவைத்த மர நாற்காலி ஒன்றில் இரண்டு பக்கமும் கழி கட்டி வைத்திருக்கிறோம். வாண்டை உட்கார வைத்து இரண்டு மாடி ஒத்திகை பார்த்தாயிற்று. கைப்பிடி இல்லாத இடத்தில் ஒருவர் கீழேயும் ஒருவர் மேலேயும் முட்டுக்கொடுக்க வேண்டும். மாடிக்கு மாடி ஆள் மாற வேண்டும். வாத்தியாரைத் தூக்க விடவில்லை, "நிறுத்து, எடு" என்று குரல் கொடுப்பது அவர் வேலை. மாமா, "நாற்பது பேரை ஏத்திட்டு ஓட்டினவன்யா நான், என்னை ஒரு நாற்காலியில ஏத்துறதுக்கு இத்தனை மீட்டிங்கா" என்கிறார். ராத்திரி எழுந்து தாடியை வழித்துப் பார்த்துக்கொள்கிறார். ஆறு நாள் இருக்கிறது, அதற்குள்ளாகவே.

எட்டாவது மாடிக்காரியின் புருஷனுக்கு அன்று இரண்டு மணிக்கு வேலை. காலையில் தூக்கிவிட்டு விசாரணைக்கு வருவான், ஆனால் சாயங்காலம் இருக்க மாட்டான்.

மாமாவை இறக்க ஆள் சரியாக இருக்கிறது. திரும்ப ஏற்ற ஒரு ஆள் குறைகிறது. நீ வா.

அக்கா